வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்: தேர்வு முதல் இணைப்பு வரை

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல மூன்று விவரம் வேண்டும். நீங்கள் உட்காரும் நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம், ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள் என்பது. மூன்றும் கையில் இருந்தால் வாட்ஸ் கணக்கு ஐந்து நிமிட வேலை. அதனால் ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயரை அதற்கேற்ப வாங்குங்கள். இதைத் தலைகீழாகச் செய்பவர்களுக்குத்தான் தேவையில்லாத வாட்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு, ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் செய்ய வேண்டியதாகிறது.

எத்தனை வாட் தேவை?

ஸ்பீக்கரின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ "87 டெசிபெல், 2.83 வோல்ட், 1 மீட்டர்" என்பது போல ஒரு வரி இருக்கும். அதுதான் சென்சிடிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபெல் சத்தம் வரும் என்று பொருள். ஓம் என்பது கரண்டை ஸ்பீக்கர் தடுக்கும் அளவு. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் அட்டையில் போட்டிருக்கும் எண்ணிலிருந்து 3 டெசிபெல் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

கணக்குக்கு இரண்டு விதி போதும். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும்.

87 டெசிபெல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, நாற்காலி 3 மீட்டர் தூரத்தில். வெட்டவெளியாக இருந்தால் 3 மீட்டருக்கு 9.5 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் சுமார் 6 குறைவதாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 கூட்டுங்கள். ஆக, ஒவ்வொன்றுக்கும் 1 வாட் கொடுத்தால் நாற்காலியில் 84 டெசிபெல் கிடைக்கிறது.

வீட்டில் நிம்மதியாகக் கேட்கும் சராசரி சத்தம் 70 முதல் 75 டெசிபெல்தான். ஆனால் இசை சராசரியிலேயே நிற்பதில்லை. தவில் அடி விழும்போதும் மிருதங்கத்தின் தொப்பி பேசும்போதும் அந்தக் கணத்தில் மட்டும் 15, 20 டெசிபெல் மேலே எகிறும். அந்த எகிறலுக்கும் ஆம்ப்ளிஃபயர் ஈடுகொடுக்க வேண்டும். சராசரி 75 என்றால் உச்சம் 95. அதற்கு 13 வாட் போதும். சராசரி 80, உச்சம் 100 என்றால் 40 வாட். சராசரியே 85, உச்சம் 105 என்றால் 125 வாட் வேண்டும். இந்தக் கடைசிக் கணக்குப்படி தினமும் கேட்டால் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள், காதுக்கும் கேடு.

எனவே 12-க்கு 14 அடி ஹாலில் 87, 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கு, ஒரு சேனலுக்கு (அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு) 40 முதல் 60 உண்மையான வாட் தாராளம். அதே ஹாலில் 82 டெசிபெல் சின்ன ஸ்பீக்கரை வைத்தால் 40 வாட் செய்த வேலைக்கு 125 வாட் தேவைப்படும். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்ப்ளிஃபயர் செலவு எங்கோ போய்விடும். 60 வாட் மாடலுக்கும் 80 வாட் மாடலுக்கும் உள்ள வித்தியாசமோ 1.25 டெசிபெல்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் பிடிபடுவது கடினம்.

அட்டையில் போட்டிருக்கும் வாட்டை நம்பலாமா?

முழு வாக்கியமாக எழுதியிருந்தால் நம்பலாம். "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் இயங்கும்போது, 0.02 சதவீத டிஸ்டார்ஷனுக்குள் 60 வாட்" என்று இருந்தால் அது சோதித்துச் சொன்ன எண் (டிஸ்டார்ஷன் என்பது ஒலிச் சிதைவு). யமஹா ஏ-எஸ்301 மாடலின் 60 வாட் இப்படிச் சொல்லப்பட்டதுதான். வெறுமனே "1200 வாட் பிஎம்பிஓ" (கணநேர உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடுவது) என்று இருந்தால் அந்த எண்ணுக்கு எந்த அளவுகோலும் இல்லை. ஆர்எம்எஸ் மதிப்பை (தொடர்ந்து தரக்கூடிய வாட்) தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த பெட்டிக்குப் போய்விடலாம்.

இப்போது பரவலாகக் கிடைக்கும் கையடக்க கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர்களில் (சுவிட்ச் போல வேகமாக ஆன், ஆஃப் ஆகி இயங்கும் வகை) வேறு ஒரு சிக்கல். "300 வாட் + 300 வாட்" என்று போடுவார்கள். உள்ளே இருக்கும் டிபிஏ3255 சிப் 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில், அதற்கான உச்ச வோல்டேஜில் தரக்கூடிய அளவு அது. 10 சதவீதம் என்றால் குரல் கரகரத்துப்போன நிலை. உங்களுக்குக் கிடைக்கப்போவதை நிர்ணயிப்பது கூட வரும் அடாப்டர். 8 ஓமுக்கு ஒரு சேனலின் உச்சத்தைக் கண்டுபிடிக்க, அடாப்டரின் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி 16-ஆல் வகுங்கள். 32 வோல்ட் அடாப்டர் என்றால் 64 வாட். 48 வோல்ட் என்றால் 144 வாட். அதோடு, அடாப்டரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் மொத்தத்தை (32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 160 வாட்) இரண்டு சேனலும் சேர்ந்து தொடர்ந்து தாண்டவே முடியாது. 64 வாட்டும் வீட்டுக்குப் போதும் என்பது மேலே போட்ட கணக்கிலேயே தெரிகிறது. எனவே இவை மோசமான பொருள் அல்ல. அட்டையில் உள்ள எண்தான் தவறான எதிர்பார்ப்பைத் தருகிறது.

சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். எல்ஏ4440 ஐசி 13.2 வோல்ட்டில் 4 ஓமுக்கு ஒரு சேனலுக்கு 6 வாட் தரும். இரண்டு சேனலையும் சேர்த்து பிரிட்ஜ் செய்தால் ஒரே சேனலாக 19 வாட். போர்டின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் இதற்கு மேல் வராது. 5200, 1943 என்ற எண்ணுள்ள டிரான்சிஸ்டர் போர்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே எல்லை. 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் மொத்தம் 240 விஏ (வோல்ட்-ஆம்பியர்); வெப்பமாகப் போவதைக் கழித்தால் ஸ்பீக்கருக்குப் போவது அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

அட்டையில் பார்க்க வேண்டிய இன்னொரு வரி 4 ஓம் வாட். 8 ஓமில் 45 வாட், 4 ஓமில் 70 வாட் (டெனான் பிஎம்ஏ-600என்இ) என்று கூடினால், ஸ்பீக்கர் அதிகக் கரண்ட் இழுத்தாலும் தாங்கும் என்று பொருள். 4 ஓம் பற்றிப் பேச்சே இல்லையென்றால் 4 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்ட வேண்டாம். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர்கூட எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓமாக இருப்பதில்லை. சர்வதேசத் தரப்படி குறைந்தபட்சம் 6.4 ஓம் வரை இறங்கலாம். பல ஸ்பீக்கர்கள் அதற்கும் கீழே போவதுண்டு. 1978-இல் வந்த நாட் 3020 வெறும் 20 வாட்தான்; ஆனாலும் கடினமான ஸ்பீக்கர்களைச் சளைக்காமல் ஓட்டியதால்தான் அது இன்றும் பேசப்படுகிறது.

கிளாஸ் ஏபியா (வழக்கமான டிரான்சிஸ்டர் வகை), கிளாஸ் டியா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஏபி கனமாக இருக்கும், சூடாகும், பழுதானால் தெருமுனை மெக்கானிக்கூடச் சரிசெய்வார். டி சூடாகாது, அலமாரியில் அடங்கும், பழுதானால் பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டும். எங்கள் பரிந்துரை: பத்து, பதினைந்து வருடம் வைத்திருக்க நினைத்தால் ஏபி, மேசைக்கும் சின்ன அறைக்கும் டி.

பின்பக்கம் என்னென்ன இருக்க வேண்டும்?

வாங்கும் முன் வீட்டில் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். டிவி, போன், லேப்டாப், சிடி பிளேயர், ரெக்கார்டு பிளேயர் என்று எது இருக்கிறதோ அதற்குரிய ஜாக் வேண்டும்.

டிவி இருந்தால் ஆப்டிகல் உள்ளீடு அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே வெளியே அனுப்பும் வசதி) அவசியம். பல புதிய டிவிகளில் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ அவுட் கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் இல்லையென்றால் டிஜிட்டலை அனலாகாக மாற்றும் டிஏசி பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கி இடையில் வைக்கலாம்.

ரெக்கார்டு பிளேயர் இருந்தால் ஃபோனோ உள்ளீடு வேண்டும். சாதாரண எம்எம் (மூவிங் மேக்னெட்) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய பகுதி, தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். நானூறு மடங்கு வித்தியாசம். அதோடு, இசைத்தட்டில் பேஸைக் குறைத்தும் டிரெபிளைக் கூட்டியும்தான் வெட்டியிருப்பார்கள். ஆர்ஐஏஏ என்ற அந்த விதியைத் திருப்பிச் சரிசெய்வதும் ஃபோனோ பகுதியின் வேலை. எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜின் சிக்னல் இன்னும் பத்து மடங்கு மெலிந்தது. "எம்எம்" என்று மட்டும் போட்ட ஜாக் அதற்கு உதவாது.

சப் ஊஃபர் எண்ணம் இருந்தால் சப் அவுட் அல்லது ப்ரீ அவுட் (பவர் பகுதிக்கு முன்பே சிக்னல் வெளியே வரும் ஜாக்) இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் ஜாக், ரிமோட், டோன் கன்ட்ரோல் ஆகியவை உங்கள் விருப்பம். டோன் கன்ட்ரோல் கெட்ட பழக்கம் என்று சிலர் சொல்வதை ஏற்க வேண்டாம். பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத் தகட்டில் வோல்டேஜைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அந்த நொடியே போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தே ஆக வேண்டும்; 100 வோல்ட் மாடலுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் பொருந்தாது, 100 வோல்ட்டுக்கானதையே தேடுங்கள். தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகி ரீங்கரிக்கும்.

பழையது வாங்குகிறீர்களா? ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, பத்து நிமிடம் கழித்து மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு ஸ்பீக்கர் டெர்மினல்களிலும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். வோல்ட் கணக்கில் வந்தால் அதில் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. வாய்ஸ் காயில் கருகிவிடும். வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனரில் போய்விடும், அதற்காக நல்ல செட்டை விட்டுவிட வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யக் கூடாது; அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும்.

ஸ்பீக்கர் வயர்

இதில்தான் மக்கள் வீணாகப் பணம் கொடுக்கிறார்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம், பல இழைச் செம்பு வயர், 2 கோர், இதுவே போதும். போக வர ஒரு மீட்டருக்கு அதன் தடை 0.023 ஓம். ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் வயரின் தடை இருந்தால் காதுக்குத் தெரியும் மாற்றம் இராது. அந்தக் கணக்கில் 1.5 ஸ்கொயர் எம்எம் வயரை 8 ஓம் ஸ்பீக்கருக்கு 17 மீட்டர் வரையும் 4 ஓமுக்கு எட்டரை மீட்டர் வரையும் இழுக்கலாம். அதைவிட நீளம் என்றால் 2.5 ஸ்கொயர் எம்எம். வலது வயரும் இடது வயரும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கவனிக்க வேண்டியது, செம்புப் பூச்சுப் போட்ட அலுமினிய வயர். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். எடையும் குறைவாக இருக்கும். தடை ஒன்றரை மடங்குக்கு மேல். நாளாக ஆக முனை உடைந்துபோகும்.

இணைக்கும் முறை

ஆம்ப்ளிஃபயரின் பிளக் சுவரில் செருகப்படாமலே இருக்கட்டும். எல்லா இணைப்பும் முடிந்த பிறகுதான் அது.

1. இடம். ஆம்ப்ளிஃபயர் மேல் குறைந்தது 10 செ.மீ. காலி இடம் வேண்டும். துணி விரிப்பின் மேலோ, செட்டாப் பாக்ஸை முதுகில் சுமந்தோ வைக்க வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ஏபி ஆம்ப்ளிஃபயர் மே மாதத்தில் திணறும்.

2. வயர் முனை. உறையை 10 முதல் 12 மி.மீ. உரித்து, இழைகளை இறுக முறுக்குங்கள். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டும் முனைக்குச் சால்டர் பூச வேண்டாம்; ஈயம் அழுத்தத்தில் மெல்லத் தளர்ந்து, சில மாதத்தில் இணைப்பு ஆடத் தொடங்கும். 4 மி.மீ. பனானா பிளக் போட்டால் வேலை சுலபம், இழை தொட்டுக்கொள்ளும் பயமும் இல்லை.

3. ஸ்பீக்கர் பக்கம் முதலில். சிவப்பில் பிளஸ், கறுப்பில் மைனஸ். வயரின் ஒரு கோரில் கோடோ நிறமோ இருக்கும். அதையே இரண்டு ஸ்பீக்கருக்கும் பிளஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஆம்ப்ளிஃபயரில் மாட்டும் முன், வயரின் மறுமுனையை மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5.5 முதல் 7 வரை காட்ட வேண்டும், 4 ஓமுக்குச் சுமார் 3 முதல் 3.5. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். எதுவும் காட்டவில்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது. இந்த அரை நிமிடச் சோதனையைத் தவிர்த்ததால் போன அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஏராளம்.

5. பிளஸ், மைனஸ் குறியே இல்லாத பழைய ஸ்பீக்கரா? 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட டெர்மினல்தான் பிளஸ்.

6. இப்போது ஆம்ப்ளிஃபயர் பக்கம். வலது ஸ்பீக்கர் "ஆர்" டெர்மினலுக்கு, இடது "எல்"-லுக்கு. ஏ, பி என்று இரண்டு ஜோடி இருந்தால் ஏ-யில் மட்டும். இரண்டிலும் 8 ஓம் மாட்டி இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது 4 ஓம். பின்பக்கத்தில் அதற்கான குறைந்தபட்ச ஓம் எழுதியிருக்கும், படியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிளாஸ்-டி சின்ன ஆம்ப்ளிஃபயர்களிலும் பிரிட்ஜ் செய்த போர்டுகளிலும் ஸ்பீக்கரின் மைனஸ் என்பது எர்த் அல்ல. அதிலும் சிக்னல் ஓடும். அந்த இரண்டு மைனஸையும் ஒன்றாக முறுக்குவதோ, பொது மைனஸ் உள்ள ஸ்பீக்கர் செலக்டரில் மாட்டுவதோ, உலோகப் பெட்டியில் தொடவைப்பதோ சிப்பைப் பலி வாங்கும். மூன்று கோர் வயரில் ஒன்றைப் பொது மைனஸாக வைத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் இழுத்திருக்கும் பழைய வீட்டு வயரிங்கில் இது அடிக்கடி நடக்கிறது.

7. ஆர்சிஏ வயர்கள். சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது. சிடி, ஆக்ஸ், டியூனர், லைன் என எந்த ஜாக்கும் ஒன்றுதான். ஃபோனோ மட்டும் வேறு. "ரெக் அவுட்", "டேப் அவுட்" ஜாக்கில் மாட்டினால் சத்தமே வராது, அவை வெளியே போகும் வழிகள். சில பழைய மாடல்களில் ப்ரீ அவுட்டுக்கும் மெயின் இன்னுக்கும் இடையே வளைந்த உலோகத் துண்டு செருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் ஊமையாகிவிடும்.

8. ரெக்கார்டு பிளேயர். ஆர்சிஏ ஜோடியை ஃபோனோவில் செருகி, கூட வரும் மெல்லிய எர்த் வயரைப் பக்கத்தில் உள்ள திருகில் கட்டுங்கள். பிளேயரிலேயே ப்ரீஆம்ப் இருந்து அதன் சுவிட்ச் "லைன்" பக்கம் இருந்தால் ஃபோனோவில் மாட்டக் கூடாது, ஆக்ஸில் மாட்ட வேண்டும்.

9. டிவி. ஆப்டிகல் வயரின் இரு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். டிவியின் ஆடியோ செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டை "பிசிஎம்" என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டுவிட்டால் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு அது புரியாது. சத்தம் வராது, அல்லது கரகரவென்று இரையும். டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்.

10. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பேலன்ஸையும் டோனையும் நடுவில் வைத்து, பிளக்கைச் செருகுங்கள். பிளேயரை முதலில் ஆன் செய்து ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். ஒழுங்கு மாறினால் "டப்" என்ற அடி ஸ்பீக்கருக்குப் போகும். ஆன் செய்ததும் சில நொடி கழித்து "டிக்" என்று ரிலே விழும். விழவில்லையென்றால் பாதுகாப்புச் சுற்று எதையோ கண்டுவிட்டது. மீண்டும் மீண்டும் ஆன் செய்யாமல் ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள்.

முதல் பாட்டாக, ஒரே குரல் நடுவில் நிற்கும் பாட்டு எதையாவது வையுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே ஒரு புள்ளியில் நின்றால் எல்லாம் சரி. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவி, பேஸும் மெலிந்திருந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது.

ஸ்பீக்கர்கள் இரண்டும் நாற்காலியும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். டிவீட்டர் (மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். மூலையில் தள்ளினால் பேஸ் குமுறும். டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் உள்ள நம் ஹால்களில், ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கனமான ஜமுக்காளமும் ஜன்னலுக்கு ஒரு தடித்த திரையும் தரும் முன்னேற்றத்தை, இரண்டு மடங்கு விலையுள்ள ஆம்ப்ளிஃபயர் தராது.

"உம்ம்" என்று இரைகிறதா?

இதுதான் அதிகம் பேரை வாட்டும் பிரச்சினை. ஊகிக்காமல் வரிசையாகப் போனால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் பிடிபடும்.

முதலில் காதை வைத்துக் கேளுங்கள், இரைச்சல் ஸ்பீக்கரிலிருந்தா, பெட்டியிலிருந்தா? பெட்டியிலிருந்து என்றால் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது. அதன் போல்ட் தளர்ந்திருக்கலாம், மின்சாரம் கூடுதலாக வரலாம், அல்லது வீடு இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மர் முனகும், ஸ்பீக்கரிலும் "ர்ர்" என்று கேட்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது வராது.

ஸ்பீக்கரிலிருந்து என்றால் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். அப்போதும் இரைந்தால் குற்றம் ஆம்ப்ளிஃபயருக்குள். வயதான செட் என்றால் பில்டர் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். வால்யூமோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் எதையும் மாட்டாத உள்ளீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே அமைதி என்றால் வெளியே உள்ள ஏதோ ஒரு சாதனம்தான் காரணம். ஆர்சிஏ எல்லாவற்றையும் கழற்றி (ஒவ்வொரு முறையும் வால்யூமைக் குறைத்துவிட்டு) ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டியதும் இரைகிறதோ அதுவே குற்றவாளி.

நம் வீடுகளில் அது பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ். கேபிள் டிவி வயரின் வெளியுறை தெருவில் எங்கோ எர்த் ஆகியிருக்கும். வீட்டு எர்த்தோடு சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். கேபிளைத் திருகிக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் சந்தேகமே இல்லை. கேபிள் வயரில் ஐசோலேட்டர் (எர்த் தொடர்பை அறுக்கும் சின்னத் துண்டு) போடலாம், அல்லது டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் வயர் போடலாம். ஆப்டிகலில் உலோகமே இல்லாததால் வளையம் அறுந்துவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், அதே கதைதான்.

ரெக்கார்டு பிளேயரில் மட்டும் இரைந்தால் எர்த் வயரைப் பாருங்கள், அடுத்துக் கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு சின்ன வயர்களை. அதுவும் சரியென்றால் பிளேயரை ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரை விட்டு அரை மீட்டர் நகர்த்துங்கள்.

பெட்டியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைந்தாலோ, லேசாக ஷாக் அடித்தாலோ, சுவரில் எர்த் இல்லாமல் இருக்கலாம். மல்டிமீட்டரை ஏசி 750-இல் வைத்து சாக்கெட்டில் அளந்து பார்க்கலாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில் இருக்க வேண்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்குள். ஃபேஸ்-எர்த் அளவு வெகுவாகக் குறைந்தால் பெரிய துவாரத்துக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்கவே வேண்டாம். உள்ளே ஒரு வயர் பெட்டியைத் தொட்ட நாளில், உயிரைக் காப்பது அந்தப் பின்தான்.

ஃபேன் சுற்றும்போது மட்டும் "ர்ர்" என்றால் ரெகுலேட்டர்தான். முழு வேகத்தில் வைத்ததும் நின்றுபோனால் அது உறுதி. கெபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றுங்கள்.

மற்ற கோளாறுகள்

ஒரு பக்கம் ஊமையாக இருந்தால், பிளேயரிலிருந்து வரும் சிவப்பையும் வெள்ளையையும் ஆம்ப்ளிஃபயர் முனையில் இடம் மாற்றுங்கள். ஊமை மறுபக்கத்துக்குப் போனால் பிளேயரோ ஆர்சிஏ வயரோ காரணம். போகவில்லையென்றால் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். இப்போது மாறினால் ஆம்ப்ளிஃபயர், மாறாவிட்டால் ஸ்பீக்கர் அல்லது அதன் வயர்.

இசைத்தட்டு மெலிசாக, பேஸே இல்லாமல் கேட்டால் அதை ஆக்ஸில் மாட்டியிருக்கிறீர்கள். சிடி காது கிழியும்படி, குழறலாகக் கேட்டால் ஃபோனோவில்.

போன் வழியாகக் கேட்கும்போது சத்தம் போதவில்லையென்றால் போனின் வால்யூமை உச்சத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மிச்சத்தை ஆம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள். போனைக் குறைத்து ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். சிடி பிளேயரில் குமிழ் ஒன்பது, பத்து மணி நிலையிலேயே சத்தம் நிரம்பிவிடுவது இயல்பு. குமிழில் இன்னும் பாதி மிச்சம் இருப்பதால் வாட்டும் பாதி மிச்சம் என்று பொருளில்லை. 2 வோல்ட் உள்ளீட்டுக்குப் பல ஆம்ப்ளிஃபயர்கள் நடு நிலைக்கு அருகிலேயே தம் எல்லையைத் தொட்டுவிடும்.

சத்தத்தை ஏற்றும்போது குரல் கரகரத்தால் உடனே குறைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் எல்லை தாண்டும்போது அலையின் தலை வெட்டுப்பட்டு, மேல்ஸ்தாயிச் சக்தி பெருகி டிவீட்டருக்குப் போகிறது; 100 வாட் தாங்கும் என்று எழுதிய ஸ்பீக்கரின் டிவீட்டர் 30 வாட் ஆம்ப்ளிஃபயரில் கருகுவது இப்படித்தான். பேஸ் குமிழை முழுதாகத் திருப்புவதும் இதையே விரைவுபடுத்தும். பல ஆம்ப்ளிஃபயர்களில் அது 10 டெசிபெல் கூட்டும்; அந்தத் தொனிகளுக்கு மட்டும் பத்து மடங்கு வாட் கேட்கிறீர்கள். பேஸ் போதவில்லையென்றால் ஸ்பீக்கரைச் சுவருக்கு ஒரு சாண் நெருக்கிப் பாருங்கள், மின்சாரச் செலவில்லாமல் கிடைக்கும். அதுவும் போதாதென்றால் தனியாகப் பவர் உள்ள சப் ஊஃபரை சப் அவுட்டில் மாட்டி, கிராஸ்ஓவரை (சப் ஊஃபர் எந்தத் தொனி வரை பாட வேண்டும் என்ற எல்லை) 60 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் வைத்து, அதன் சத்தத்தைத் தனியாகக் காதில் விழாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

அரை மணி நேரம் ஓடிய பிறகு தானாக நின்று, ஆறியதும் திரும்பப் பாடினால் சூட்டுக் காப்பு வேலை செய்கிறது. காற்று போக இடம் இருக்கிறதா, ஸ்பீக்கர் ஓம் பொருந்துகிறதா, ஏ-யும் பி-யும் ஒன்றாக ஓடுகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் நின்றால் ஆம்ப்ளிஃபயருக்குள் பயஸ் கரண்ட் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்) கூடியிருக்கலாம்; அதைச் சரிசெய்வது மெக்கானிக்கின் வேலை.